பெற்றோரும் பிள்ளைகளின் மனப்பான்மையும்

(திண்டுக்கல்லில் நடைபெற்ற நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழாவிற்கு வரும் சிறுவர்க்கெல்லாம் சங்கத்தின் நிறத்திற் கைக்கயிறு வழங்கல் வேண்டுமென நம் இளைஞர் சிலர் எழுதியிருக்கின்றனர். அது குறித்தே யான் இன்று பேசப் புகுகின்றேன்.

சேரன்மாதேவிக் குருகுலத்தின் வரலாற்றை உங்களிற் பலர் அறிவீர். 1922இல் அதனைத் தோற்றுவித்த வ. வே. சு. ஐயர் கல்வியினும் தியாகத்தினும் குறைந்தவரல்லர். தமிழ்நாட்டுக் காங்கிரஸ் அதற்கு 5,000 ரூபாய் உதவிற்று. ஆயினும், பிராமணச் சிறுவர் இருவர்க்குத் தனியே உணவிடல் வேண்டுமென அவர்தம் பெற்றோர் வற்புறுத்த, ஐயரும் இசைந்தார். 1925இல் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் பெரியார் ஈ. வெ. ராவும் அதனை எதிர்த்தனர். இருக்கும் இருவர் தனித்துண்க, இனி அத்தகையாரைச் சேர்த்தலாகாது என்றார் காந்தியடிகள். பூசல் தணிந்திலது, ஐயர் பொறுப்பினின்றும் விலகினார். நாடு தலைவர்களையே நோக்கிற்று. எனக்கோ அவ்விரு சிறுவர் நினைவே வருகின்றது. அவர்கள் பசித்து வந்தவர்கள். இலையை வேறாக்கியவர் பெற்றோர்.

அது பழங்கதை என்பீராயின், என் வீட்டுக் கதையைக் கேண்மின். இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள், ஒரு சிறுமியின் பக்கத்தில் இனி உட்காரேன் என்றாள். அச்சிறுமியின் தந்தை தோல் பதனிடும் சாலையில் வேலை செய்பவர். "யாரம்மா உனக்கு இதைச் சொன்னது?" என்றேன். "நீங்கதானப்பா பஸ்ஸுல மூக்கைப் பொத்திக்கிட்டு, எப்படித்தான் இருக்காங்களோன்னு சொன்னீங்க" என்றாள். யான் நாற்றத்தைக் கருதினேன். குழந்தை மனிதரைக் கருதிற்று. வகுப்பிற் குறள் நடத்தும் வாயும் இதுவே! மறுநாள் அவளை அவ்வீட்டிற்கு அழைத்துச் சென்றேன். மோர் தந்தனர். பருகுமுன் மகள் என் முகத்தைப் பார்த்தாள். யான் பருகினேன், பின்னரே அவள் பருகினாள்.

அன்பர்களே! பிள்ளை ஒரு புதுத் தோழன் பெயரைச் சொன்னதும், "அவங்க என்ன ஆளுக?" என்று குரலைத் தாழ்த்திக் கேளாத வீடு நம்மில் எத்தனை? வினா விளங்காவிடினும், குரல் தாழ்ந்தது ஐந்து வயதுக் குழந்தைக்கும் விளங்கும்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் மாணவனொருவனை வீடு புகுந்து வெட்டினர் உடன் பயின்ற சிறுவர்; தடுக்க வந்த தங்கையும் வெட்டுண்டாள். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு, வண்ணக் கயிறுகளைப் பள்ளியில் தடுத்தல் வேண்டுமென 2024 ஜூனில் அறிக்கை தந்தது. வெட்டிய சிறுவரும் ஏதோ ஒரு வீட்டின் திண்ணைப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவரே.

ஆதலின், கயிற்றுக்கு எண்ணிய பணத்தை நோட்டுப் புத்தகங்கட்கு ஆக்குக என வேண்டுகின்றேன். நம்மவர் பிள்ளைகட்கு மட்டுமா, தெருவிலுள்ள பிள்ளைகட்கெல்லாமா எனச் செயலாளர் கேட்பார். அதனையும் இன்றே பேசி முடித்துவிடுவோம்.