பத்துக்குப் பின் பத்து: பெரியசாமித் தூரனின் குழந்தை நூல்கள்

பெரியசாமித் தூரன் என்ற பெயரைச் சொன்னதும் இசை அன்பர்களுக்குக் கச்சேரி மேடையில் ஒலிக்கும் அவருடைய தமிழ்க் கீர்த்தனைகள் நினைவுக்கு வரும். புலமை உலகினருக்கோ அவர் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து முடித்த பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியம் நினைவுக்கு வரும். அவர் குழந்தைகளுக்காக எழுதியும் தொகுத்தும் மொழிபெயர்த்தும் வைத்துப்போன நூல்கள் இவ்விரண்டுக்கும் பின்னால் மூன்றாவதாகப் பேசப்படுகின்றன. பல மேடைகளில் அதுவும் இல்லை. அந்த நூல்களைப் பெரிய பணிகளுக்கு இடையே கிடைத்த ஓய்வில் செய்த சில்லறை வேலையாகக் கருதும் வழக்கம் தவறானது என்பதும், தூரனின் அறிவுப் பணியில் கடினமான பாதி அதுவே என்பதும் இந்த உரையின் கருத்து.

தூரன் 1908-ஆம் ஆண்டு ஈரோட்டை அடுத்த மொடக்குறிச்சிப் பகுதியில் உள்ள மஞ்சக்காட்டுவலசு என்னும் சிற்றூரில் பிறந்தார். அந்நாளில் காவிரிக்கு மேற்கே கோயம்புத்தூர் மாவட்டம், கிழக்கே சேலம் மாவட்டம் என்று ஆட்சிக் கோடு ஆற்றின் நடுவே ஓடினாலும், இரு கரையிலும் பேச்சும் பயிரும் உறவுமுறையும் ஒன்றாகவே இருந்தமையால், அவரை இந்த அவை கூடியுள்ள திருச்செங்கோட்டுக்கு அயலவராகக் கொள்வதற்கில்லை. சென்னையில் கல்லூரி மாணவராக இருந்தபோது, 1931-இல் பகத்சிங் தூக்கிலிடப்பட்டதைக் கண்டித்துப் பட்ட வகுப்பின் இறுதித் தேர்வை எழுத மறுத்தவர் அவர். பின்னர்க் கோவை இராமகிருஷ்ண வித்யாலயத்தில் ஆண்டுக்கணக்கில் ஆசிரியராகப் பணியாற்றினார். அவருடைய குழந்தை நூல்களுக்கு அடித்தளம் அந்த வகுப்பறைதான். எந்தச் சொல்லில் பிள்ளையின் கண் தடுமாறுகிறது, எந்த வாக்கியத்தின் முடிவில் அதன் கவனம் ஜன்னலுக்கு வெளியே போகிறது என்பதை நாள்தோறும் நேரில் கண்ட ஒருவர், தாளின் முன் அமரும்போதும் அந்த முகங்களை மறந்துவிட முடியாது.

அவருடைய நூற்பட்டியலில் மற்றொரு வரிசையும் உண்டு. ‘குழந்தை உள்ளம்’, ‘குமரப் பருவம்’, ‘தாழ்வு மனப்பான்மை’, ‘அடிமனம்’ ஆகியவை உளவியல் நூல்கள். ‘கருவில் வளரும் குழந்தை’, ‘பாரம்பரியம்’ ஆகியவை உயிரியல் சார்ந்தவை. அடிமனம் என்பது மனிதன் தன் நினைவுக்கு எட்டாமலே சுமந்து திரியும் ஆசைகளும் அச்சங்களும் உறையும் மனப்பகுதி. பாரம்பரியம் என்பது இந்நூலின் வழக்கில் பெற்றோரிடமிருந்து உடலின் வழியாகப் பிள்ளைக்கு வந்து சேரும் பண்புகளின் தொடர்ச்சி. பெற்றோரும் ஆசிரியரும் படிக்க வேண்டிய இந்த நூல்களை எழுதிய கையே சிறுவர் கதைகளையும் எழுதியது என்பதைச் சேர்த்துப் பார்க்காமல், ஒன்றை அறிவியல் அலமாரியிலும் மற்றொன்றைக் கதை அலமாரியிலும் நூலகங்கள் பிரித்து வைத்திருக்கின்றன. அலமாரிக்கு அது வசதியாக இருக்கலாம்; தூரனைப் புரிந்துகொள்வதற்கு உதவாது.

அறிவியலைத் தமிழில் சொல்லும் இந்தப் பணி திடீரென்று முளைத்ததும் அன்று. 1916-இல் சேலத்தில் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கத்தை நிறுவினார்கள். பரிபாஷை என்பது இன்று கலைச்சொல் எனப்படுவது. ஒரு துறையினர் ஒரு பொருளை ஐயத்துக்கு இடமின்றிச் சுட்டுவதற்காக வரையறுத்துக்கொள்ளும் சொல். அதே இராஜாஜி 1925-இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கி, அங்கிருந்து மதுவிலக்கைப் பரப்புவதற்காக ‘விமோசனம்’ என்ற இதழையும் நடத்தினார். அதில் அவருக்குத் துணையாக உழைத்தவர் கல்கி. வேதியியலைச் சாதாரண மக்களுக்குச் சொல்லும் ‘திண்ணை ரசாயனம்’, செடிகொடிகளின் வாழ்வை விளக்கும் ‘தாவரங்களின் இல்லறம்’ ஆகிய நூல்களும் இராஜாஜி எழுதியவையே. அறிவியலைத் தமிழில் சொல்ல முடியுமா என்று மற்றவர்கள் வாதாடிக்கொண்டிருந்த காலத்தில், சொல்லிக் காட்டிவிட்டு மேலே நடந்தவர்கள் இந்தச் சேலத்துச் சீமையில் இருந்தார்கள். தூரன் அந்த முயற்சியைப் பன்மடங்கு பெரிதாக எடுத்துச் சென்றவர்.

கலைக்களஞ்சியம் என்பது உலகில் அறியத்தக்க பொருள்களைத் தலைப்பு வாரியாக வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் துறையறிந்தவர்களைக் கொண்டு கட்டுரை எழுதுவித்துத் தொகுக்கும் நூல். 1946-இல் தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார் முன்னின்று அமைத்த தமிழ் வளர்ச்சிக் கழகம் இந்தப் பணியை ஏற்க, அதன் முதல் தொகுதி 1954-இலும், இணைப்பாக அமைந்த பத்தாம் தொகுதி 1968-இலும் வெளிவந்தன. இந்தப் பெருமுயற்சியின் வரலாற்றை ஆ.இரா. வேங்கடாசலபதி ‘தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் கதை’ என்று தனி நூலாகவே எழுதியிருக்கிறார். 1968-இல் தூரனுக்கு அறுபது வயது. பத்மபூஷண் விருதும் அதே ஆண்டு வந்தது. வேறொருவராக இருந்தால் அத்துடன் ஓய்ந்திருப்பார். தூரனோ அதே ஆண்டில் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதியை வெளியிட்டு, 1976 வரை உழைத்து, அதையும் பத்துத் தொகுதிகளாக முடித்தார்.

பெரியவர்களுக்கான தொகுதிகளைச் சுருக்கினால் குழந்தைகளுக்கான தொகுதிகள் கிடைத்துவிடும் என்று எண்ணுபவர்கள் ஒரே ஒரு தலைப்பை எடுத்து எழுதிப் பார்த்தால் போதும். ‘காற்று’ என்பதைப் பெரியவருக்கு எழுதும்போது, அதில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரஜனும் 21 விழுக்காடு ஆக்சிஜனும் உள்ளன என்று தொடங்கலாம். படிப்பவருக்கு விழுக்காடு தெரியும், நைட்ரஜன் தெரியும். எட்டு வயதுப் பிள்ளைக்கு இரண்டும் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது என்பதையே அங்கு முதலில் நிறுவ வேண்டும். காலி டம்ளரைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தினால் நீர் ஏன் உள்ளே முழுவதும் ஏறுவதில்லை என்று கேட்க வேண்டும். காற்றுக்கும் இடம் வேண்டும் என்று பிள்ளையே சொல்லும்படி விட வேண்டும். அதற்கும் பிறகுதான் அது ஒன்றா, பலவற்றின் கலவையா என்ற கேள்விக்குப் போக முடியும். இவ்வளவையும் அரைப் பக்கத்தில் முடித்து, ‘நெருப்பு காண்க’, ‘மூச்சு காண்க’ என்று பிற தலைப்புகளுக்கு வழிகாட்டும் குறுக்குக் குறிப்புகளையும் சேர்க்க வேண்டும். துறையறிஞர் எழுதித் தந்த கட்டுரையை இந்த வடிவத்துக்குக் கொண்டுவருவது அந்த அறிஞருக்குக் கைவராத வேலை. பெரும்பாலும் அவருக்குப் பிடிக்காத வேலையும்கூட.

அகரவரிசை வேறொரு தொல்லை. ஆங்கிலத்தில் ஆர்தர் மீ 1908-இல், அதாவது தூரன் பிறந்த ஆண்டிலேயே, தவணை முறையில் வெளியிடத் தொடங்கிய குழந்தைகள் கலைக்களஞ்சியம் அகரவரிசையைக் கைவிட்டு, பொருட்பிரிவுகளாக அமைந்தது. பிள்ளை எந்தத் தவணையைக் கையில் எடுத்தாலும் விண்மீனும் விலங்கும் கதையும் அதில் கலந்து கிடைத்தன. தமிழ்த் தொகுதிகள் அகரவரிசையைப் பின்பற்றின. தேடி எடுக்க அதுவே நேரான வழி; ஆனால் தொகுதிகள் எட்டு ஆண்டுகளில் ஒவ்வொன்றாக வெளிவரும்போது, யானையும் வானவில்லும் விமானமும் வரிசையின் கடைசிக்குப் போய்விடுகின்றன. முதல் தொகுதியை வாங்கியபோது எட்டு வயதாக இருந்த பிள்ளைக்குப் பத்தாம் தொகுதி வந்து சேர்ந்தபோது வயது பதினாறு. வானவில்லின் காரணத்தை அதற்குள் பள்ளிப் பாடத்திலேயே படித்து முடித்திருக்கும். உலகமும் காத்திருக்கவில்லை. முதல் தொகுதி வந்த 1968-இல் எந்த மனிதனும் நிலவில் கால் வைத்திருக்கவில்லை. 1972 முடிவதற்குள் ஆறு முறை இறங்கித் திரும்பிவிட்டார்கள். வரிசைப்படி வேலை செய்யும் பதிப்பாசிரியர், அச்சேறிவிட்ட எழுத்தின் கீழ் வர வேண்டிய புதுச் செய்தியை இன்னும் அச்சேறாத தலைப்பு ஒன்றின் கீழ் இடம் தேடிச் சேர்க்க வேண்டியவராகிறார். இது குறைதான், அதைக் குறை என்று சொல்வதால் பணியின் பெருமை குறைந்துவிடாது.

கதை நூல்களுக்கு வந்தால், ‘நாட்டிய ராணி’, ‘ஓலைக்கிளி’, ‘மாயக்கள்ளன்’, ‘சூரப்புலி’, ‘மஞ்சள் முட்டை’, ‘தரங்கம்பாடி தங்கப் புதையல்’ என்று பெயர்களே பிள்ளைகளை இழுக்கக்கூடியவை. நாமக்கல் மாவட்டத்துக்கு நெருக்கமான பெயர் ‘கொல்லிமலைக் குள்ளன்’. வல்வில் ஓரி ஆண்டதாகச் சங்கப் பாடல்கள் சொல்லும் மலை, கொல்லிப்பாவையின் கதை சூழ்ந்த மலை, இன்று எழுபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏற வேண்டிய மலை, சிறுவர் நாவல் ஒன்றின் தலைப்பில் இடம்பெற்றது சிறிய செய்தி அன்று. சாகசக் கதை என்றால் இலண்டன் தெருவும் ஆப்பிரிக்கக் காடும் வேண்டும் என்று மொழிபெயர்ப்புகளால் பழகிப்போயிருந்த தமிழ்ப் பிள்ளைக்கு, பஸ் ஏறிப் போகக்கூடிய மலையையே மர்மம் உறையும் இடமாக அது ஆக்கிக் கொடுத்தது. ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும்: ஒருவரின் உயரத்தை வைத்து அவருக்குப் பெயரிடும் இத்தகைய தலைப்பை இன்றைய பதிப்பாளர் எவரும் தேர்ந்தெடுக்க மாட்டார், தேர்ந்தெடுக்கவும் கூடாது. அந்தக் காலச் சிறுவர் கதைகள் பலவற்றில் உடலின் தோற்றமே அச்சத்துக்கு அடையாளமாக நின்றது. தூரனும் அந்த வழக்கத்தை விட்டு முற்றிலும் விலகியவர் அல்லர்.

அவர் எழுதிய காலம் தமிழ்ச் சிறுவர் எழுத்துக்கு வளமான காலம். 1947-இல் ‘அம்புலிமாமா’ தொடங்கியது. 1950-இல் ‘கண்ணன்’ இதழ் வந்தது. அதே ஆண்டில் அழ. வள்ளியப்பா குழந்தை எழுத்தாளர் சங்கத்தை நிறுவினார். பாட்டு என்று வந்தால் வள்ளியப்பாவுக்கே முதலிடம். பெரியவர்கள் உருகிக் கேட்கும் கீர்த்தனைகளை இயற்றிய தூரனின் குழந்தைப் பாடல்கள், வள்ளியப்பாவின் பாடல்களைப் போல் பிள்ளைகள் வாயில் ஏறி நிற்கவில்லை. தூரனின் வலிமை விளக்குவதிலும் கதையை நடத்திச் செல்வதிலும் இருந்தது.

மொழிபெயர்ப்பில் ஒன்றைக் குறிப்பிடாமல் விட இயலாது. பறவையியலாளர் ஜமால் ஆரா எழுதிய சிறுவர் நூலை, நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புத்தகாலய வரிசைக்காக ‘பறவைகளைப் பார்’ என்று தமிழாக்கினார் தூரன். இந்த வரிசை ஒரே நூலைப் பல இந்திய மொழிகளில் வெளியிட்டு, எல்லா மாநிலப் பிள்ளைகளும் ஒரே படத்தைப் பார்த்துப் படிக்கச் செய்தது. பறவை நூலை மொழிபெயர்ப்பது எளிது என்று தோன்றலாம். ஆனால் கரிச்சான் என்பதை இரட்டைவால் குருவி என்பார்கள், செம்போத்தைச் செண்பகம் என்பார்கள். ஊருக்கு ஊர் பெயர் மாறும். மொழிபெயர்ப்பவர் அகராதியைப் பார்த்து எழுதினால், பிள்ளை தன் வீட்டு வேலியில் நாள்தோறும் காணும் பறவையையே நூலில் அடையாளம் காணாமல் போகும். ஏர் ஓட்டிய நிலத்தில் வளர்ந்தவர் அந்த வேலையைச் செய்தது தமிழ்ப் பிள்ளைகளின் நல்லூழ்.

தூரன் 1987-இல் மறைந்தார். அவருடைய எழுத்துகள் நாட்டுடைமையாக்கப்பட்டுவிட்டன; நாட்டுடைமை என்பது எவரும் உரிமைத்தொகை கொடுக்காமல் பதிப்பிக்கலாம் என்ற ஏற்பாடு. கலைக்களஞ்சியங்கள் இரண்டும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் உள்ளன. ஆயினும் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தை அப்படியே அச்சிட்டு இன்றைய மாணவர் கையில் கொடுப்பது நேர்மையாகாது; 2006-இல் கோள் வரிசையிலிருந்து புளூட்டோ நீக்கப்பட்டது உட்பட அரை நூற்றாண்டின் திருத்தங்கள் அதில் இல்லை. கதைகளை அச்சிடலாம், ஆனால் உரிமை இலவசம் என்பதால் படமும் இலவசமாகிவிடாது. ஓவியருக்குக் கூலி கொடுக்க மனமின்றிப் பழைய கோட்டோவியத்தை மங்கலாக நகலெடுத்து ஒட்டும் பதிப்புகள் எந்தச் சிறுவர் நூலையும் பிள்ளைகளிடமிருந்து அந்நியமாக்கிவிடும்.

திருச்செங்கோடு செய்யக்கூடியது வேறொன்று உண்டு. இந்த ஊர் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கு நாடு முழுவதும் பெயர் பெற்றது. தந்தையோ மாமனோ சித்தப்பாவோ வண்டியோடு வடமாநிலங்களுக்குப் போயிருக்கும் பிள்ளைகள் இங்குள்ள வகுப்பறைகளில் இருக்கிறார்கள். ஆனால் அந்த வண்டி எப்படி வேலை செய்கிறது என்பதைப் பிள்ளைக்குப் புரியும் தமிழில் சொல்லும் அரைப் பக்கம் எளிதில் கைக்குக் கிடைப்பதில்லை. கம்ப்ரெஸர் அழுத்தி அனுப்பும் காற்று, ராடு எனப்படும் இரும்புக் குழாய்களின் உள்துளை வழியாக அடிவரை இறங்கி, அங்குள்ள ஹேமரை இயக்க, ஹேமர், பிட் என்னும் துளைமுனையைப் பாறைமேல் விடாமல் அடிக்கிறது. பிட்டு சுழன்றுகொண்டே பாறையை நொறுக்க, அதே காற்று பாறைத் தூளை அள்ளிக்கொண்டு ராடுக்கும் துளைச்சுவருக்கும் இடையே மேலேறி வெளியே கொட்டுகிறது. ஒரு ராடு முழுதும் இறங்கியதும் அதன் தலையில் அடுத்த ராடு பூட்டப்படுகிறது. மேல்மண் சரியாமல் இருக்க, பாறை தட்டும் ஆழம் வரை கேசிங் குழாய் இறக்கப்படுகிறது. தூள் வெள்ளையாக வருகிறதா, ஈரமாக வருகிறதா என்று பார்த்தே கீழே என்ன இருக்கிறது என்பதை ஓட்டுநர் கணிக்கிறார்.

தூரனின் முறை இதற்கு அப்படியே பொருந்தும். விவரத்தை ரிக் ஓட்டுநரும் பிட்டு தீட்டுபவரும் சொல்ல வேண்டும். ஆசிரியர் ஒருவர் அதை எழுத வேண்டும். எழுதியதை நான்காம் வகுப்பில் வாசித்துக் காட்டி, பிள்ளைகள் எந்த வரியில் கேள்வி கேட்கிறார்களோ அந்த வரியைத் திருத்த வேண்டும். விசைத்தறிக்கும், லாரிக்குப் பாடி கட்டுவதற்கும், நாமக்கல் கோழிப்பண்ணைக்கும் அதே போல் அரைப் பக்கம் வேண்டும். மழைக்காலத்தில் கிணறு தோண்டும் வேலை குறைந்து வண்டிகள் ஊர் திரும்பி நிற்கும்போது ஓட்டுநர்களை உட்கார வைத்துக் கேட்பது எளிது; ஆகவே முதல் தலைப்பை வரும் மழைக்காலம் முடிவதற்குள் எழுதி முடிக்கும் பொறுப்பை இந்த ஊர் ஆசிரியர்கள் ஏற்குமாறு இந்த அவை கேட்டுக்கொள்ளலாம்.