அலங்கார மீன்களில் வெண்புள்ளி நோய்



சென்னை கொளத்தூர்ப் பகுதியில் அலங்கார மீன் வளர்ப்பு குடும்பத் தொழிலாகவே நடைபெறுகிறது. கிணறும் சில சிமெண்டுத் தொட்டிகளும் உள்ள சிறு விவசாயிக்கும் இது ஏற்ற உபதொழில். ஆனால் வெண்புள்ளி நோய் கண்டால், விற்பனைக்கு ஆயத்தமான மீன்கள் சில நாட்களிலேயே மடிந்துவிடும்.

மீனின் உடலிலும் துடுப்பிலும் உப்புத்தூள் தூவியது போன்ற புள்ளிகள் தோன்றும். மீன்கள் சுவரில் உடலை உரசும். செவுள் தாக்கப்பட்டால் மேல்மட்டத்திற்கு வந்து மூச்சுத் திணறும்.

இதற்குக் காரணம் ஓர் ஒட்டுண்ணி. தோலுக்கடியில் உள்ளவரை மருந்து அதனை எட்டாது. முதிர்ந்ததும் உதிர்ந்து, தொட்டியின் அடியில் கூடு கட்டி, நூற்றுக்கணக்கில் பெருகும். அந்த இளம் உயிரிகள் மீனைத் தேடி நீந்தும்போதுதான் அவற்றை அழிக்க முடியும். எனவே, புள்ளி மறைந்தவுடன் சிகிச்சையை நிறுத்தலாகாது.

லிட்டர் நீருக்கு 3 கிராம் வீதம் கல் உப்பைத் தனியே கரைத்து, இரண்டு நாட்களில் சிறிது சிறிதாகத் தொட்டியில் ஊற்றவும். கெளுத்தி வகைகளும் நீர்ச்செடிகளும் உப்பை அதிகம் தாங்கா. அவற்றை இட்ட தொட்டியில் கவனம் தேவை. காற்றுக் குழாய் இடைவிடாது இயங்கட்டும். நாள்தோறும் அடிக்கழிவை உறிஞ்சி நீக்கி, அதே அளவு உப்பிட்ட நீரால் ஈடு செய்யவும். புள்ளி மறைந்த பின்னும் ஒரு வாரம் தொடரவும். குளிர்காலத்தில் ஒட்டுண்ணி மெதுவாக வளர்வதால் இரண்டு வாரம் தேவை.

புதிதாக வாங்கிய மீன்களை 3 வாரம் தனித்தொட்டியில் வைத்துக் கவனித்த பின்னரே மற்றவற்றுடன் சேர்க்கவும். கைவலையை வெயிலில் நன்கு காயவைக்காமல் அடுத்த தொட்டியில் இடாதீர்கள். வருமுன் காப்பதே சிக்கனம்.