கொந்தராத்துக்காரர் யார்?



கொந்தராத்து என்னுஞ் சொல் மேனாட்டார் வழியாக நம் நாட்டுத் தமிழிற் புகுந்து, நெடுங்காலம் நம்மோடு பழகி, நம் சொல்லாகவே ஆகிவிட்டது. கொந்தராத்துக்காரர் என்றதும் நம் மனக்கண்முன் ஒருவர் தோன்றுவார். அவர் பாலங் கட்டுபவர். பாடசாலைக்குக் கூரை போடுபவர். தம் ஆட்களோடும் தம் கருவிகளோடும் வருவார். இன்ன வேலை, இன்ன தொகை, இத்தனை நாளில் முடித்துத் தருவேன் என்று பேசுவார். சீமெந்தின் விலை ஏறினால் நட்டம் அவருக்கு. சாமர்த்தியமாக வேலையை முடித்தால் இலாபமும் அவருக்கே. அவர் காலை எட்டு மணிக்கு வந்தாரா, எட்டரைக்கு வந்தாரா என்று எவருங் கேட்பதில்லை. ஊரில் அவருக்கு ஒரு மதிப்பு உண்டு. கோயில் திருவிழாவில் ஒரு நாள் உபயம் அவர் பெயரில் நடப்பதும் உண்டு.

இப்பொழுது இதே பெயர் வேறொருவர்மீது ஏற்றப்பட்டு வருகிறது. அவருக்கு ஆளும் இல்லை, கருவியும் இல்லை. நேற்றுத்தான் பாடசாலையை விட்டு வெளியேறிய இளைஞர் அவர். ஆட்சேர்ப்பு முகவர் நிலையம் ஒன்று அவரைக் கண்டுபிடித்து, ஒரு கம்பனியின் பண்டகசாலைக்கோ கந்தோருக்கோ அனுப்பிவைக்கிறது. வேலை கம்பனியினுடையது, பணம் முகவர் நிலையத்தின் கையால் வருகிறது. கையொப்பமிட்ட தாளிலோ அவர் ‘சுயாதீன ஒப்பந்தகாரர்’ என்று எழுதப்பட்டிருக்கிறது. இந்தப் பெயர் எதற்காக இடப்படுகிறது, அதனால் அவர் இழப்பது யாது என்பதைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

மலைநாட்டுப் பாடசாலையின் அதிபரிடம் மாணவர் படிப்பை முடித்த பின்னரும் வந்துகொண்டேயிருப்பர். சான்றிதழை உறுதிப்படுத்த ஒருவர் வருவார். ஆங்கிலக் கடிதத்தின் பொருள் கேட்க இன்னொருவர் வருவார். சென்ற ஆண்டு அவ்வாறு வந்த ஓர் இளைஞன், காலில் ஒரு கட்டோடு வந்தான். கொழும்புக்கு அண்மையிலுள்ள ஒரு பண்டகசாலையிற் சரக்குகளை எண்ணி அடுக்கும் வேலை அவனுக்கு. மேலிருந்து ஒரு பெட்டி சரிந்து பாதத்தில் விழுந்துவிட்டது. இரண்டு மாதம் வேலைக்குப் போகவில்லை. ஒரு சதமும் வரவில்லை. கம்பனியிடம் கேட்டபோது, “நீ எங்கள் ஆள் அல்ல, முகவர் நிலையத்தைக் கேள்” என்றார்கள். முகவர் நிலையத்திற் கேட்டபோது ஒப்பந்தத் தாளை எடுத்துக் காட்டினார்கள்.

“சேர், நான் கொந்தராத்துக்காரனாம். அப்படியென்றால் என்ன?” என்று அவன் கேட்டான்.

தாளை வாங்கிப் படித்தேன். இதனால் முதலாளி தொழிலாளி என்னும் உறவு எதுவும் உண்டாகாது என்று முதற் பக்கத்திலேயே இருந்தது. அடுத்த பக்கங்களில் இருந்தவை வேறு. காலை எட்டு மணிக்குக் கைவிரல் அடையாளம் வைத்தல் வேண்டும். பிந்தினாற் பணம் வெட்டப்படும். கம்பனியின் சீருடையை அணிதல் வேண்டும். மேற்பார்வையாளரின் சொற்படி நடத்தல் வேண்டும். தனக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பலாகாது. அதே கம்பனியில் ஓராண்டுக்கு நேரடியாக வேலை தேடிக்கொள்ளலாகாது. சம்பளம் என்ற சொல்லைத் தாளில் எங்குங் காணவில்லை. ‘சேவைக் கட்டணம்’ என்றே இருந்தது. கூரை போடும் கொந்தராத்துக்காரரிடம் இத்தகைய நிபந்தனைகளைச் சொல்லிப் பாருங்கள். அவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

ஒரு சொல்லை மாற்றுவதாற் கிடைக்கும் இலாபம் எவ்வளவு என்று சிலர் எண்ணலாம். கணக்குப் பார்ப்போம். ஒருவருக்கு மாதம் ரூபா 60,000 என்று வைத்துக்கொள்வோம். அவர் ஊழியர் என்றால், 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்கு அவர் பங்காக நூற்றுக்கு 8 கழிக்கப்படும். தொழில் கொள்வோர் தம் பங்காக நூற்றுக்கு 12, அதாவது ரூபா 7,200 சேர்த்தல் வேண்டும். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு நூற்றுக்கு 3, அதாவது ரூபா 1,800 தொழில் கொள்வோரே செலுத்துதல் வேண்டும். இரண்டுஞ் சேர்ந்து மாதம் 9,000. ஐந்தாண்டில் வட்டி நீங்கலாக 5,40,000. பதினைவரோ அதற்கு மேற்பட்டவரோ வேலைசெய்யும் நிறுவனமாயின், ஐந்தாண்டு நிறைந்தவருக்கு ஆண்டொன்றுக்கு அரைமாதச் சம்பளம் வீதம் பணிக்கொடையும் உண்டு. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அது. அவ்வகையில் இன்னும் 1,50,000. ஆக, கொந்தராத்துக்காரர் என்ற அந்த ஒரு சொல்லின் விலை ஓர் இளைஞனுக்கு ஐந்தாண்டில் ஏறத்தாழ ஏழு இலட்சம் ரூபா. சம்பளத்தோடு கூடிய விடுமுறையையும் நோயுற்ற நாட்களையும் நான் இன்னும் எண்ணவில்லை.

மலைநாட்டில் வாழும் எமக்கு, ஆளைத் திரட்டிக் கொடுத்து அதனாற் பிழைக்கும் இடைத்தரகர் புதியவரல்லர். கோப்பிக் காலத்திலும் அதன்பின் தேயிலைக் காலத்திலும் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆட்களை அழைத்துவந்தவர் கங்காணி. முன்பணம் அவர் கையால் வந்தது. கடன் தொழிலாளியின் தலையில் ஏறியது. தலைக்காசு என்று ஒன்று. தம் ஆட்களில் எத்தனை பேர் அன்று வேலைக்கு இறங்கினரோ அத்தனைக்கும் பென்ஸ்காசு என்று இன்னொன்று. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கூட்டம் மாறவேண்டுமாயின், இவ்வளவு கடன் தீர்க்கப்பட்டால் இவர்களை விடுவிப்பேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் ‘துண்டு’ வேண்டும். அந்தத் துண்டு முறை 1921இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எங்கள் பாட்டன் பாட்டிமார் பட்ட துயரையும் இன்றைய இளைஞரின் இடரையும் ஒரே தராசில் வைத்து நிறுப்பது நியாயமாகாது. முகவர் நிலையங்கள் எல்லாம் தீயவை என்று சொல்லவும் நான் வரவில்லை. வேலை எங்கேயிருக்கிறதென்று அறியாத மலைநாட்டுப் பிள்ளைக்கு அவை வழிகாட்டியதும் உண்டு. ஆயினும், ஒருவன் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு நாளுக்கும் இன்னொருவர் ஒரு பங்கு பெறுவதும், நேரடியாக வேறிடம் போகாதவாறு ஒரு தாள் அவனைக் கட்டிவைப்பதும் எனக்குப் பென்ஸ்காசையும் துண்டையும் நினைவூட்டாமல் இல்லை.

இனிச் சட்டம் என்ன சொல்கிறதென்று பார்ப்போம். நான் சட்டத்தரணி அல்லேன். வாசிக்கத் தெரிந்தவன், அவ்வளவே. நம் நாட்டின் 1950ஆம் ஆண்டுக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் தொழிலாளி என்பதற்கு வகுத்த வரைவிலக்கணம் மிக விரிந்தது. வாய்ப் பேச்சால் ஆனதோ எழுத்தால் ஆனதோ, சேவை ஒப்பந்தமோ தொழில் பயிலும் ஒப்பந்தமோ எதுவாயினும் அடங்கும். அவற்றோடு, ஒருவர் தாமே நேரில் நின்று ஒரு வேலையையோ உழைப்பையோ செய்து தருவதாக ஏற்கும் ஒப்பந்தமும் அதில் அடங்கும். தனக்குப் பதில் வேறொருவரை அனுப்பலாகாது என்று எழுதிக் கட்டிவைத்தவர்கள், அவ்வரியாலேயே அவனைத் தொழிலாளி என்னும் வரைவிலக்கணத்துக்கு அண்மையிற் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள் என்பதைக் கவனியுங்கள்! தொழில் கொள்வோர் என்பதற்கான விளக்கமும் அவ்வாறே பரந்தது. யாருக்காக ஆள் அமர்த்தப்படுகிறாரோ அவரும், இன்னொருவருக்காக ஆளை அமர்த்துபவரும் அதனுள் அடங்குவர். ஆகையால், “அவரைக் கேள்”, “இவரைக் கேள்” என்று பந்தாடுவதற்குச் சட்டத்தில் இடம் குறைவு.

உலகின் போக்கும் இதுவே. சர்வதேசத் தொழிலமைப்பு 2006இல் வெளியிட்ட 198ஆம் இலக்கப் பரிந்துரை, உறவுக்கு இடப்பட்ட பெயரை விட உண்மையில் நடப்பதையே பார்த்தல் வேண்டும் என்கிறது. ஊபர் நிறுவனத்தின் சாரதிகள் தம் தொழிலைத் தாமே நடத்தும் சுயாதீனர்கள் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தும், ஐக்கிய இராச்சியத்தின் உச்ச நீதிமன்றம் 2021 பெப்ரவரியில் அதை ஏற்கவில்லை. வாடகையை விதிப்பவர் யார், சாரதியை அடக்கி ஆள்பவர் யார் என்பவற்றை எடுத்துப் பார்த்தது. நம் நீதிமன்றங்களும் தாளிலுள்ள பெயரோடு நின்றுவிடுவதில்லை. கட்டளையிடுபவர் யார், கருவி யாருடையது, இலாப நட்டம் யாரைச் சேரும், அவ்வேலை நிறுவனத்தின் அலுவலோடு ஒன்றிணைந்ததா என்பவற்றையும் பார்க்கின்றன.

சுயாதீனமாக உழைப்பது நல்லதன்று என்று எவரும் கருதிவிட வேண்டாம். கணக்கெழுதுவோர், மொழிபெயர்ப்போர், கணினிக்கு நிரல் எழுதுவோர் எனப் பலர் ஒரே காலத்தில் மூன்று நான்கு பேருக்கு வேலைசெய்து, தம் கூலியைத் தாமே பேசி, கௌரவமாக வாழ்கிறார்கள். அவர்களே மெய்யான கொந்தராத்துக்காரர்கள். அவ்வழியை விரும்பித் தெரிவு செய்பவர் ஒன்றை மட்டும் கணக்கிற் கொள்ளல் வேண்டும். ஊழியருக்கு ரூபா 60,000 கொடுக்கும் வேலைக்கு அவர் அதே 60,000ஐ ஏற்பது பேதைமை. நிதிகளின் 9,000, பணிக்கொடையின் மாதப் பங்கு 2,500, விடுமுறை நாட்களின் பெறுமதி ஆகியவற்றைக் கூட்டினால் 75,000 வரை கேட்டாற்றான் சமநிலை. கேட்டுப் பெற்ற அந்த மிகுதியைக் கைத்தொலைபேசி வாங்கச் செலவிட்டால், அது வேறு கதை.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை ஒரு தாளைக் கொண்டுவந்து, நாளைக்கே வேலை, இன்றைக்கே கையொப்பமிட வேண்டும் என்று அவசரப்படுத்தினால், ஓர் இரவு தாமதிக்கச் சொல்லுங்கள். ஆங்கிலம் விளங்காதாயின் விளங்கிய ஒருவரிடம் காட்டுங்கள். அதற்கு நாங்கள் இருக்கிறோம். சேமலாப நிதி உண்டா, அதைச் செலுத்துபவர் கம்பனியா முகவர் நிலையமா, விபத்து நேர்ந்தாற் பொறுப்பு யாருக்கு என்று கேட்டு, விடையை எழுத்திற் பெறுங்கள். எழுதித் தர மறுத்தால் அதுவும் ஒரு விடைதான்.

ஏற்கெனவே கையொப்பமிட்டவர்கள் தாளின் பிரதியையும், வங்கிப் புத்தகத்தையும், வரவு நேரத்தைக் காட்டும் எதனையும் பத்திரப்படுத்துக. அந்த இளைஞன் தன் சீருடையையும், மேற்பார்வையாளர் அனுப்பிய குறுஞ்செய்திகளையும் வைத்திருந்தான். அவற்றோடு தொழில் திணைக்களத்தின் மாவட்டக் கந்தோருக்குச் சென்று சேமலாப நிதி பற்றி முறைப்பாடு செய்திருக்கிறான். விசாரணை முடியவில்லை. காயத்துக்கான நட்டஈடு வேறு விடயம். அது 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி நட்டஈட்டு ஆணையாளரிடம் கேட்கப்படுவது. வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் தொழில் நியாய சபைக்கு மனுச் செய்யலாம். நீக்கப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் செய்தல் வேண்டும். “நீ கொந்தராத்துக்காரன், உனக்கு அங்கே இடமில்லை” என்று யாரேனும் சொல்லக் கேட்டு, அந்த ஆறு மாதத்தை வீட்டிலிருந்தே கழித்துவிடாதீர்கள். இடமுண்டா இல்லையா என்பதைச் சபை தீர்மானிக்கட்டும்.