வரலாற்றுப் பாடமும் நம் வீட்டுப் பெரியவர்களும்

(தோட்டப் பெற்றோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



விடியுமுன் எழுந்து பெரட்டுக்குச் சென்று, நிரை நிரையாய் மரம் வெட்டி, பாலெடுத்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, அக்களைப்பு நீங்குமுன்னே இங்குக் கூடியிருக்கிறீர்கள். ஆதலின் சுற்றி வளைக்காது செய்திக்கு வருகிறோம். நம் பிள்ளைகள் பள்ளியிலே பயிலும் வரலாற்றுப் பாடத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம். கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் மாலை வகுப்பு வையுங்கள் என்று பெற்றோர் பலர் எங்களிடம் கேட்பதுண்டு. வரலாற்றுக்கு அவ்வாறு கேட்டவர் மிகச் சிலரே. "கதைதானே, படித்துக்கொள்வான்" என்பது பலருடைய எண்ணமாக இருந்து வருகிறது.

அவ்வெண்ணம் பிள்ளையின் எதிர்காலத்துக்கே ஊறு செய்யக்கூடியது. 2013 ஆம் ஆண்டு முதல் எஸ்.பி.எம். தேர்வில் வரலாற்றில் தேர்ச்சி பெறாதவருக்குச் சான்றிதழ் இல்லை. ஏனைய பாடங்களில் எத்துணைச் சிறப்பாகத் தேறியிருப்பினும், தேசிய மொழியிலும் வரலாற்றிலும் தேறியாக வேண்டும். 2014 ஆம் ஆண்டு முதல் தொடக்கப்பள்ளியின் நான்காம் ஆண்டிலேயே வரலாறு தனிப்பாடமாகத் தொடங்கிவிடுகிறது. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021 இலும், பி.டி.3 தேர்வு 2022 இலும் நீக்கப்பட்டன. ஆகவே, நான்காம் ஆண்டு தொடங்கி ஐந்தாம் படிவம் வரை எட்டு ஆண்டுகள் இப்பாடத்தைப் பயிலும் பிள்ளை, நாடு தழுவிய பெருந்தேர்வை எட்டாவது ஆண்டின் முடிவிலேதான் சந்திக்கிறது. பள்ளியளவிலான மதிப்பீடுகள் இடையே உண்டு எனினும், பிள்ளை பின்தங்கிவிட்டதைப் பெற்றோர் அறிய வருவது பெரும்பாலும் ஐந்தாம் படிவத்தில்தான். அப்போது எட்டு ஆண்டுப் பாடத்தை எட்டு மாதத்தில் எவர் ஊட்ட முடியும்?

இப்பாடத்தைக் கற்பிப்பதிலே ஆசிரியர்களாகிய எங்களுக்குள்ள இடர்ப்பாடுகளையும் மறைக்காது கூறிவிடுகிறோம். பாடத்திட்டம் நீண்டது, வகுப்பு நேரமோ குறைவு. வரலாற்றைச் சிறப்புப் பாடமாகப் பயிலாத ஆசிரியரிடமும் சில பள்ளிகளில் இப்பாடம் ஒப்படைக்கப்படுவதுண்டு. புத்தகத்தை வாசித்து, கோடு போடச் சொல்லி, மனனம் செய்யச் சொல்வதோடு வகுப்பை முடித்துவிடும் ஆசிரியரும் இல்லாமல் இல்லை. மொழிச் சிக்கலும் இருக்கிறது. தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்குப் பாடங்கள் தேசிய மொழிக்கு மாறிவிடுகின்றன. மிகுதியான வாசிப்பை வேண்டும் பாடங்களுள் வரலாறு ஒன்று. 'பெர்லெம்பாகான்' என்னும் சொல்லைப் பிள்ளை பத்து முறை எழுதிப் பழகுகிறது. அதற்கு அரசமைப்புச் சட்டம் என்பது பொருள் என்று சொன்னால், அத்தமிழ்ச் சொல்லும் அதற்குப் புதிதாக இருக்கிறது. இரு மொழியிலும் பொருள் விளங்காத சொல்லை ஓசையாகவே நெஞ்சில் ஏற்றிக்கொண்டு தேர்வு மண்டபத்துக்குள் செல்கிறது.

இவையெல்லாம் முயன்றால் தீரக்கூடியவை. இவற்றினும் ஆழமான இடர்ப்பாடு ஒன்று உண்டு. அதுபற்றியே சற்று விரிவாகப் பேச வேண்டும்.

ரப்பரையே எடுத்துக்கொள்வோம். 1876 இல் ஹென்றி விக்கம் பிரேசில் நாட்டிலிருந்து விதைகளை இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். 1877 இல் இருபத்திரண்டு கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் ஒன்பது பேராக்கின் கோலாகங்சாரில் நடப்பட்டன. மரத்தைச் சாகடிக்காமல் பாலெடுக்கும் முறையை ரிட்லி கண்டறிந்தார். 1896 இல் மலாக்காவில் டான் சாய் யான் வாணிக முறையில் ரப்பர் பயிரிட்டார். ரப்பரின் வரலாற்றை எழுதுவோர் அனைவரும் கூறும் செய்திகள் இவை. மெய்யானவையே, பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டியவையுமாகும். ஆனால் பாட்டனும் பாட்டியும் பால்மரக் காட்டிலே உழைத்த குடும்பத்துப் பிள்ளை இப்பக்கத்தைப் படித்து முடிக்கும்போது, இதற்கும் தன் வீட்டுக்கும் தொடர்பிருப்பதாக அதற்குத் தோன்றுவதில்லை. வரலாறு என்பது எங்கோ, எவருக்கோ நடந்தது என்று அது முடிவு செய்துவிடுகிறது. அம்முடிவுக்கு வந்த பிள்ளைக்கு ஆண்டுகளும் பெயர்களும் சுமையாகவே தோன்றும்.

2010 ஆம் ஆண்டில், எஸ்.பி.எம். வரலாற்றில் தேர்ச்சி கட்டாயமாகும் என்று அறிவிக்கப்பட்டதைத் தொடர்ந்து, பாடநூல்களைப் பற்றிய வாதம் நாட்டிலே எழுந்தது. எங்கள் இனத்துக்கு எத்தனை பக்கம் என்று ஒவ்வொரு சமூகமும் எண்ணிப் பார்த்தது. எண்ணிப் பார்ப்பது குற்றமன்று. குறை கண்டால் முறைப்படி எடுத்துரைப்பது குடிமக்களின் உரிமை. எனினும், தோட்டத் தொழிலாளருக்கென்று ஓர் இயல் முழுவதையும் ஒதுக்கிவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று நாங்கள் கருதவில்லை. அந்த இயலையும் கோடு போட்டு மனனம் செய்தால் அதுவும் சுமைதான்.

பின் என்ன செய்வது? நாங்கள் கையாளும் ஒரு பாடத்தை எடுத்துக்காட்டாகச் சொல்கிறோம். அது சயாம் மரண ரயில் பற்றியது. அப்பெயரைக் கேட்டதும் இங்கே சிலருடைய முகம் மாறுவதைக் காண்கிறோம்.

சயாமின் பான் பொங் நகரிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்விருப்புப்பாதையை ஜப்பானிய இராணுவம் 1942 இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தது. அதில் வேலை செய்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். இறந்தவர்கள் 12,000 பேருக்கு மேல். ஆசியத் தொழிலாளர்களோ அவர்களைப்போல் மும்மடங்குக்கு மேற்பட்டவர்கள் என்று கணிக்கப்படுகிறது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர்கள் அவர்களுள் பல்லாயிரவர். இறந்த ஆசியத் தொழிலாளர் எத்தனை பேர் என்று கேட்டால், ஒரு நூலில் ஓர் எண்ணும் மற்றொரு நூலில் வேறோர் எண்ணும் காணப்படும். தொண்ணூறாயிரம் என்பது பலரும் கூறும் கணக்கு.

இவ்விரு கணக்குகளையும் கரும்பலகையில் அருகருகே எழுதி, ஒன்று துல்லியமாகவும் மற்றொன்று உத்தேசமாகவும் இருப்பது ஏன் என்று பிள்ளைகளைக் கேட்கிறோம். வகுப்பு முதலில் மௌனமாக இருக்கும். பிறகு விடைகள் வரத் தொடங்கும். போர்க்கைதிகளுக்குப் படைப்பிரிவின் பெயர்ப்பட்டியல் இருந்தது, அதிகாரிகள் இருந்தனர், மறைத்து வைத்து நாட்குறிப்பு எழுதியவர்கள் இருந்தனர், போர் முடிந்ததும் தேடி வர அரசாங்கங்கள் இருந்தன. காஞ்சனாபுரியிலுள்ள கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ ஏழாயிரம் பேர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். பெரும்பாலான கற்களில் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. தோட்டத்திலிருந்து சென்றவரின் பெயரோ கிராணியின் செக்ரோல் புத்தகத்தில்தான் இருந்தது. தோட்டத்தை விட்டுப் புறப்பட்ட அன்றே அந்தப் புத்தகத்திலும் அவர் கணக்கு முடிந்துவிட்டது. அவர் போன பின் எழுதி வைத்தவர் யார்?

இந்த வினா வரையில் வந்துவிட்ட பிள்ளை வரலாற்றின் உயிர்நிலையைத் தொட்டுவிட்டது. எழுதியவர் யார், எதற்காக எழுதினார், எழுதப்படாமற் போனது எது என்று கேட்கத் தெரிந்துகொண்டது. இன்றைய தேர்வுத் தாள்களில் வரும் உயர்நிலைச் சிந்தனை வினாக்களும் இத்திறனையே எதிர்பார்க்கின்றன. மறுநாள் ஒரு பிள்ளை வந்து, "ஐயா, எங்கள் தாத்தாவின் அண்ணன் சயாமுக்குப் போய்த் திரும்பவே இல்லையாம்" என்று சொன்னால், அன்றைய பாடத்தை அப்பிள்ளையே நடத்திவிடும். அத்தகைய செய்தி எங்களிடம் இல்லை. உங்கள் வீட்டில்தான் இருக்கிறது.

1941 ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தமும் அத்தகையதே. சம்பள உயர்வுக்காக மட்டும் நடந்ததாகப் பலர் எண்ணுகின்றனர். தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளில் தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் இருந்தது. துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி மிதிவண்டியை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் இருந்தது. அதனை முன்னின்று நடத்திய ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடுகடத்தப்பட்டார், படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். மிதிவண்டிச் செய்தியைச் சொன்னால் வகுப்பில் உறங்கும் பிள்ளையும் நிமிர்ந்து உட்காரும். இன்று மோட்டார் சைக்கிளில் பள்ளிக்கு வந்திறங்கும் பிள்ளைகள் அல்லவா!

இங்கே நம் பக்கத்துக் குறையொன்றையும் சொல்லியாக வேண்டும். வீட்டிலே சொல்லப்படும் வரலாறு சில வேளைகளில் அளவு மீறிவிடுகிறது. சோழர்கள் கடாரத்தைப் பல நூறு ஆண்டுகள் ஆண்டனர் என்று எழுதிவிட்டு மதிப்பெண் இழந்த பிள்ளைகளை அறிவோம். 1025 இல் இராசேந்திர சோழனின் கடற்படை கடாரம் உள்ளிட்ட பல துறைமுகங்களைத் தாக்கியதற்குத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டு சான்றாக நிற்கிறது. படையெடுப்பு வேறு, நிலைத்த ஆட்சி வேறு. பின்னதற்கு அத்தகைய உறுதியான சான்று இல்லை. பெருமைக்காக மிகைப்படுத்திய செய்தி தேர்வில் பிள்ளையைக் கவிழ்த்துவிடுகிறது. அதைவிடக் கேடு, பிறர் எழுதிய நூலில் மிகை கண்டால் கண்டிக்கும் தகுதியையும் நாம் இழந்துவிடுகிறோம். கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் பழைய கோயில்களின் அடித்தளங்கள் இன்றும் காணக் கிடைக்கின்றன. மெர்போக்கில் அருங்காட்சியகமும் உண்டு. வடபுலத்துத் தோட்டங்களிலுள்ளோர் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டலாம். அப்பகுதியில், தனியார் நிலத்திலிருந்த சண்டி ஒன்று நில மேம்பாட்டுக்காக இடிக்கப்பட்ட செய்தி 2013 இல் வெளிவந்து நாடே திகைத்தது. கருங்கல்லும் செங்கல்லுமே அவ்வாறு மறையுமாயின், தாளும் நினைவும் எம்மாத்திரம்?

இதைச் சொல்லக் காரணம் உண்டு. தோட்டங்கள் கைமாறுகின்றன, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் நிலம் மாறுகிறது, லயங்களிலிருந்து குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்கின்றன. குடிபெயரும் நாளில் முதலில் குப்பைக்குப் போவது பழைய தகரப் பெட்டி. அதிலே என்ன இருக்கிறது என்று பார்த்தீர்களா? ரஜூலா கப்பலின் பயணச் சீட்டு இருக்கலாம். 1926 முதல் 1973 வரை ஓடிய அக்கப்பலில் வந்தவர்களும் திரும்பிச் சென்றவர்களும் நம்மிடையே எத்தனையோ பேர். தோட்டத் துண்டாடலின்போது, 1960 இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சிறுகச் சிறுகப் பணம் கட்டிய புத்தகம் இருக்கலாம். தொழிற்சங்க உறுப்பினர் அட்டை, திருவிழா அழைப்பிதழ், தோட்டப் பள்ளியின் பழைய புகைப்படம், சிவப்பு அடையாள அட்டை, 1968 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குடியுரிமை இல்லாதவர் பெற வேண்டியிருந்த வேலை அனுமதிச் சீட்டு ஆகியவை இருக்கலாம். அச்சீட்டுக் கிடைக்காமல் குடும்பத்தைப் பிரிந்து கப்பலேறியவர்களைப் பற்றி நூல்களில் சில வரிகளே உண்டு.

பி.எம்.ஆர். தேர்வு 2013 இல் நிறைவுறும் வரை, மாணவர்கள் தாம் வாழும் இடத்தின் வரலாற்றை நேரில் விசாரித்து ஒரு தொகுப்பு எழுதித் தர வேண்டும் என்ற ஏற்பாடு இருந்தது. பார்த்து எழுதியவரும் பலர்தான். ஆயினும் உண்மையாகவே பெரியவரை அணுகிக் கேட்டு எழுதிய பிள்ளைகள் அப்பாடத்தை மறந்ததில்லை. தேர்வுக்காக இல்லாவிடினும், அப்பணியை நாம் மீண்டும் தொடங்கலாம்.

ஆகவே நாங்கள் வேண்டுவது இதுதான். வாரத்தில் ஒரு மாலை, வீட்டிலுள்ள பெரியவர் அருகே பிள்ளை ஒரு நோட்டுப் புத்தகத்துடன் அமரட்டும். எந்த ஊரிலிருந்து, எந்தக் கப்பலில், யாருடன் வந்தனர், முதலில் எந்தத் தோட்டம், ஆங்கிலத்தில் அதன் பெயர் என்ன, நம்மவர் வழங்கிய பெயர் என்ன, கங்காணி யார், நாட்சம்பளம் எவ்வளவு, பள்ளிக்கூடம் எங்கே இருந்தது என்று கேட்டு எழுதட்டும். பெரியவருக்கு ஆண்டு நினைவில்லையெனில் வற்புறுத்த வேண்டா, "ஜப்பான்காரன் வருவதற்கு முன்பா, பின்பா?", "மெர்டேக்காவுக்கு முன்பா?", "மூத்த பிள்ளை பிறந்த பிறகா?" என்று கேட்டால் போதும், காலம் ஒருவாறு பிடிபட்டுவிடும். இருவர் இருவிதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதி, சொன்னவர் பெயரையும் குறிக்கட்டும். அம்மாவையும் பாட்டியையும் கேட்க மறக்கலாகாது. வெட்டுக்காட்டில் பாதிக் கூலி அவர்கள் உழைத்ததே, ஆனால் அவர்களைக் கேட்டு எழுதுவோர் குறைவு.

பழைய தாள்களைப் பிள்ளையிடம் கொடுத்தனுப்ப அஞ்சினால் பெற்றோரே கொண்டுவரலாம். கைத்தொலைபேசியில் படமெடுத்துக்கொண்டு அங்கேயே திருப்பித் தந்துவிடுவோம். அரிதான ஆவணமாயின், 1957 முதல் இயங்கிவரும் தேசிய ஆவணக் காப்பகத்தை அணுக உதவுவோம். நோட்டுப் புத்தகங்களை அடுத்த தவணையின் முதல் வாரத்தில் வகுப்பாசிரியரிடம் சேர்ப்பிக்கச் சொல்லுங்கள். எழுத்துப் பிழையைப் பற்றிக் கவலை வேண்டா. அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.