வேலியில் நிற்கும் காரை



ஏரல் வட்டாரத்தில் ஆற்றுநீர் எட்டாத மேட்டு நிலங்களின் வேலியில் தானே முளைத்து நிற்பது காரை. இன்றைய கவிதைகளில் அது பெயரிழந்து வெறும் ‘முட்புதர்’ ஆகிவிட்டது. கம்பிவேலிக்காக வெட்டப்படும்போது எது போயிற்று என்று சொல்லவும் ஆளில்லை.

அருகிலேயே சங்கஞ்செடியும் நிற்பதால் மயக்கம் நேர்கிறது. கணுவைப் பார்த்தால் தெளியும். சங்கஞ்செடிக்குக் கணுவில் பெரும்பாலும் நான்கு முள், பழம் வெண்மை. காரைக்கோ இலைக்கக்கத்திற்குச் சற்று மேலே எதிரெதிராக இரண்டு முள், பழம் மஞ்சள். எதிரெதிர் இலைக்காம்புகளின் இடையே சிறு செதில் ஒன்று உண்டு. நுணா, வெட்சி, காப்பி அனைத்திற்கும் உரிய குடும்ப அடையாளம் அது. பூவை நம்பித் தேடுவோர் ஏமாறுவர், அத்துணைச் சிறிது.

புறநானூற்று 258ஆம் பாட்டில் உலோச்சனார், நன்கு விளைந்த கள்ளுக்குக் காரையின் முதிர்ந்த பழத்தை உவமை சொல்கிறார். பாட்டின் திணையோ வெட்சி! இரண்டும் ஒரே குடும்பமென்று தாவரவியலார் வகுத்தது மிகப் பிற்காலத்தில். புலவருக்கு அவ்வகுப்பு வேண்டியிருக்கவில்லை. முள்ளையும் பழத்தையும் அவர் அறிந்திருந்தார்.

மருக்காரை வேறு. அதுவும் இக்குடும்பமே, ஆனால் அதன் பருத்த காய் மீனை மயக்க இடித்து நீரில் கலப்பது. காரைப்பழமென்று எண்ணி வாயிலிடுவோர் கவனிக்க.