ஒரு சுண்டு பயறு



வெண்மை தருமென விற்கப்படும் முகப்பூச்சுக்கள் சிலவற்றிற் பாதரசம் கலந்திருப்பதுண்டு. தோலின் நிறப்பொருள் உண்டாவதைத் தடுக்கும் அந்நஞ்சு, உடலினுட் புகுந்து சிறுநீரகங்களைப் பழுதாக்கும். 2013ஆம் ஆண்டின் மினமாட்டா உடன்படிக்கை அவற்றை விலக்கியது; ஆயினும் அவை சந்தையினின்றும் முற்றாக அகலவில்லை.

கருமை குறையன்று என்பதை முதலிற் பிள்ளைகளுக்கு உணர்த்துவோம். மேனியைத் தூய்மை செய்யப் பயற்றம்மா போதும். பயற்றைக் காயவைத்து அரைத்து, மாவை அரித்தெடுத்து, நீரிற் குழைத்துப் பூசிக் கழுவலாம். தேசிக்காய்ச் சாறு சேர்க்கலாகாது. அது பட்ட தோல் வெயிலிற் புண்படக்கூடும்.

அதே பயற்றை வறுத்து அரைத்து, தேங்காய்ப்பூவும் பனங்கட்டியும் கூட்டிப் பிடித்தால் பயற்றம் உருண்டையாகும். எண்ணெயிற் பொரிக்கவேண்டுவதில்லை, புரதமும் நார்ப்பொருளும் கிடைக்கும். ஆயினும் பனங்கட்டியும் உடலுக்குப் பெரிதும் சீனியே. நாளொன்றுக்குச் சேர்க்கும் இனிப்பு ஏறத்தாழ 25 கிராமுக்குள், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள், அடங்குதல் நன்றென உலக சுகாதார நிறுவனம் 2015இல் அறிவுறுத்தியது. ஆகவே உருண்டையைச் சிறிதாகப் பிடியுங்கள்.

ஒரு சுண்டு பயறு இவ்விரண்டுக்கும் போதும். அதிற் கலந்திருப்பது யாதென நாம் அறிவோம். பெயரறியாப் பூச்சிற் கலந்திருப்பதை அறியோம்.