ஒரு சாண்கூட இல்லாத சண்டை

சிட்னித் தமிழ்ப் பள்ளி ஒன்றின் பட்டமளிப்பு விழா. சிறப்பு விருந்தினர் மதுரைக்காரர், ஓய்வுபெற்ற ரயில்வே பொறியாளர். தலைவருக்கும் ஆசிரியர்களுக்கும் இரண்டே வரியில் வணக்கம் சொல்லிவிட்டு நேரே கிரேக்கத்துக்குப் போய்விட்டார்.

கி.மு. 431இல் ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் மோதத் தொடங்கின. ஏதென்ஸுக்குக் கப்பல் பலம், ஸ்பார்ட்டாவுக்குத் தரைப்படை. சீக்கிரத்தில் முடிகிற சண்டை அல்ல. கொள்ளைநோயில் ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளிஸே போனார். சிசிலிக்கு அனுப்பிய பெரும்படை 413இல் அழிந்தது. பாரசீகப் பணத்தில் கப்பல் கட்டிய ஸ்பார்ட்டா, 404இல் ஒருவழியாக ஜெயித்தது.

“அந்த ஜெயம் எத்தனை வருஷம் தாங்கியது? 33! 371இல் தீப்ஸ் நகரம் ஸ்பார்ட்டாவை லூக்ட்ராவில் புரட்டி எடுத்தது. 338இல் மாசிடோனியாவின் பிலிப் வந்து ஏதென்ஸ், தீப்ஸ் இரண்டையும் சேர்த்தே அடித்தார்.”

அதேபோல் போட்டி போட்ட சிட்னியும் மெல்பர்னும் நல்லவேளையாக வாள் எடுக்கவில்லை, தண்டவாளத்தில் மோதிக்கொண்டன. இங்கேதான் பொறியாளருக்கு உற்சாகம் பிறந்தது. 1850களின் தொடக்கத்தில், ஷீல்ட்ஸ் என்ற ஐரிஷ் பொறியாளரின் பேச்சைக் கேட்டு நியூ சவுத் வேல்ஸ் 1600 மில்லிமீட்டர் அகலமுள்ள பாதைக்கு ஒப்புக்கொண்டது. விக்டோரியாவும் அதை நம்பி வண்டிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. அடுத்து வந்த ஸ்காட்லாந்துக்காரர் வாலஸ், 1435தான் வேண்டும் என்றார். சிட்னி மாறிக்கொண்டது, மெல்பர்ன் முடியாது என்றது. வித்தியாசம் 165 மில்லிமீட்டர். விரல்களை விரித்துக் காட்டினார்: “ஒரு சாண்கூட இல்லை, தம்பி!”

1883இல் இரு பாதைகளும் ஆல்பரியில் சந்தித்தபோது, சுமார் 450 மீட்டர் நீளப் பிளாட்பாரத்தின் ஒரு பக்கம் சிட்னி வண்டி, மறுபக்கம் மெல்பர்ன் வண்டி. 1895இல் மார்க் ட்வெயின் விடிகாலைக் குளிரில், லாந்தர் வெளிச்சத்தில் அங்கே இறங்கி மாறினார். எரிச்சலைப் பயண நூலில் கொட்டியிருக்கிறார். இரண்டாம் உலகப் போரில் ராணுவச் சரக்கையும் அங்கே இறக்கி ஏற்ற வேண்டியிருந்தது. ஊர்ப் பெருமையின் பாரம் முழுக்கச் சுமைதூக்கிகளின் தோளில்.

கிண்டியில் படித்த காலமும் நடுவில் நுழைந்தது. மதுரையிலிருந்து மீட்டர்கேஜில் எழும்பூர் வந்து இறங்குவார். டெல்லி போகும் நண்பனை ஏற்றிவிட அகலப்பாதையின் சென்ட்ரலுக்கு டிரங்குப் பெட்டியோடு ரிக்‌ஷா. “ஆனால் அது சிக்கனத்தால் வந்த வினை, வீம்பால் அல்ல” என்று தாய்நாட்டுக்கு ஒரு சலுகை கொடுத்தார். பின்வரிசையில் சிரிப்பு.

ஆஸ்திரேலியாவின் தலைநகர் எந்த ஊர் என்ற சண்டையை மட்டும் அவசரமாக முடித்தார். தலைநகர் நியூ சவுத் வேல்ஸில் இருக்கலாம், ஆனால் சிட்னியிலிருந்து 100 மைலுக்கு அப்பால். அதுவரை நாடாளுமன்றம் மெல்பர்னில் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதினார்கள். 1927இல் நாடாளுமன்றம் கான்பெராவுக்குப் போனது. “நம்ம ஊர் மாசிடோனியா!”

பட்டம் வாங்க நின்றவர்களுக்குப் புத்தி சொல்லாமல் விடுவாரா? வேலையில் முதல் சண்டை யாருடைய வரைபடம் என்பதில்தான் வருமாம். அப்போது, அதனால் யார் பெட்டி தூக்கப்போகிறார் என்று கேட்டுப் பார்க்கச் சொன்னார். மெல்பர்னுக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம், ரயிலில் 11 மணி நேரம்போல. ஒருமுறையாவது பகல் ரயிலில் போகச் சொன்னார். ஆல்பரியில் வண்டி மாற வேண்டியதில்லை. 1962இல் மெல்பர்ன்வரை 1435 பாதை போட்டுவிட்டார்கள்.